விமானிகள் எதைப் பற்றிப் புகார் எழுதுகிறார்கள்? காக்பிட் ஒழுங்கு குறித்து ஓர் எளிய அறிமுகம்

விமான நிறுவனங்களைப் பற்றிப் பயணிகள் புகார் சொல்வது அன்றாடம் கேட்பதுதான். விமானிகளும் புகார் எழுதுகிறார்கள் என்பதும், அவற்றை வாங்கிப் படித்து ஆராய்வதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன என்பதும் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. அந்தப் புகார்களில் இரண்டு வகை திரும்பத் திரும்ப வரும். பயணிகள் செய்யும் ரகளை ஒரு வகை. காக்பிட்டில், அதாவது விமானிகள் உட்காரும் அறையில், பக்கத்து இருக்கையில் இருப்பவர் நடந்துகொள்ளும் விதம் இன்னொரு வகை: நேரங்கெட்ட நேரத்தில் அரட்டை, சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத கேப்டன், கண்ட இடத்தில் வைத்த காபிக் கோப்பை.

குடித்துவிட்டுச் சண்டை போடும் பயணிக்கும் அரட்டை அடிக்கும் துணை விமானிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இரண்டு புகாரின் அடியிலும் இருப்பது ஒரே கவலைதான். விமானத்தின் மீது இருக்க வேண்டிய கவனத்தை வேறு ஏதோ ஒன்று பிடுங்கிக்கொள்கிறது. இது பிடிபட்டுவிட்டால், நமக்கு எரிச்சலூட்டும் விமான விதிகள் பலவற்றுக்கும் காரணம் தானாக விளங்கும்.

புகார் எழுத ஓர் இடம்

1974 டிசம்பர் 1 அன்று, டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம் வாஷிங்டன் அருகே உள்ள டலஸ் விமான நிலையத்தில் தரையிறங்க வந்தபோது, வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. உள்ளே இருந்த 92 பேரும் இறந்தார்கள். தரையிறங்க வரலாம் என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதை, உடனே உயரத்தைக் குறைக்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று அதே இடத்தில் அதே தவறைச் செய்து, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் அதைச் சொன்னார்கள். யுனைடெட் விமானிகளுக்கு எச்சரிக்கையும் போனது. ஆனால் டிடபிள்யூஏ விமானிகள் காதுக்கு அது எட்ட வழியே இருக்கவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க 1976-இல் அமெரிக்காவில் ஏஎஸ்ஆர்எஸ் என்ற அறிக்கை முறை தொடங்கப்பட்டது. அங்கே விமானப் போக்குவரத்து விதிகளை வகுப்பதும் மீறினால் தண்டிப்பதும் எஃப்ஏஏ. தண்டிக்கும் கையிலேயே போய்த் தன் தவறை எழுதிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அதனால் பொறுப்பு நாசாவிடம் போனது. விமானி எழுதி அனுப்புவார். ஆய்வாளர்கள் படிப்பார்கள். தேவைப்பட்டால் அவரையே அழைத்து விவரம் கேட்பார்கள். பிறகு பெயர், நிறுவனம் என்று ஆளை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி சேமித்து வைப்பார்கள். தெரியாமல் செய்துவிட்ட விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் எழுதிவிட்டால், பெரும்பாலும் தண்டனையிலிருந்து தப்பலாம். விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் அந்தச் சலுகை இல்லை. பிரிட்டனில் 1982 முதல் இதே நோக்கத்தோடு இன்னொரு ரகசிய அறிக்கை முறை இயங்கி வருகிறது.

யாரையாவது மாட்டிவிடுவதற்காக எழுதப்படுபவை அல்ல இவை. பலர் தங்களைப் பற்றியேதான் எழுதுகிறார்கள்: "பயணி ஒருவரின் பிரச்சினை குறித்துப் பணியாளருடன் பேசிக்கொண்டிருந்தேன், நிற்க வேண்டிய உயரத்தைத் தாண்டி இறங்கிவிட்டோம்" என்கிற தொனியில். அந்த நேர்மைதான் இந்தத் துறையின் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

பத்தாயிரம் அடிக்குக் கீழே

காக்பிட் ஒழுங்கில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 'ஸ்டெரைல் காக்பிட்' விதி. விமானம் தரையில் நகரத் தொடங்கியதிலிருந்து பத்தாயிரம் அடி, அதாவது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம் எட்டும் வரையிலும், இறங்கும்போது அந்த உயரத்திலிருந்து தரையில் வந்து நிற்கும் வரையிலும், விமானத்தைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்குத் தேவையானதைத் தவிர வேறு எந்தப் பேச்சும் எந்த வேலையும் காக்பிட்டில் கூடாது. அமெரிக்காவில் 1981-இல் சட்டமான இந்த விதி, இன்று உலகெங்கும் ஏதாவது ஒரு வடிவத்தில் நடைமுறையில் இருக்கிறது.

இதன் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1974 செப்டம்பர் 11 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 212-ஆம் எண் விமானம் வட கரோலினாவின் சார்லட் நகரில் தரையிறங்க வந்தது. காலை நேரம், தரையோடு படிந்த மூடுபனி. உயரத்தைக் கருவிகளில் பார்த்துப் பார்த்து இறங்க வேண்டிய வேளையில், விமானிகள் அரசியலும் பழைய கார் விற்பனையும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓடுபாதைக்கு முன்பே விமானம் தரையில் மோதியது. 82 பேரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை.

அந்த உயரத்துக்குக் கீழேதான் வேலை நெருக்கும். வேகம் மாறிக்கொண்டே இருக்கும், இறக்கையின் மடிப்புகளை விரிக்க வேண்டும், சக்கரத்தை இறக்க வேண்டும், ரேடியோ அலைவரிசை மாற வேண்டும், சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்க வேண்டும், சுற்றிலும் வேறு விமானங்கள் இருக்கும். நடுவே ஏதாவது தவறினால் திருத்திக்கொள்ளக் கீழே இடமும் இல்லை, கையில் நேரமும் இல்லை. அந்த விதி எதையெல்லாம் தடுக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். சாப்பிடுவது, வேலைக்குச் சம்பந்தமில்லாத தாள்களைப் படிப்பது, சமையலறைப் பொருள் தீர்ந்துவிட்டது என்று நிறுவனத்துக்குச் சொல்வது, பயணிகளின் இணைப்பு விமானங்களை விசாரிப்பது, 'இடது பக்கம் தெரிவது இந்த மலை' என்று அறிவிப்பது, எல்லாமே தடை.

விமானம் தரையில் இருக்கும்போதும் விதி ஏன் பொருந்துகிறது என்ற கேள்விக்கு 1988 ஆகஸ்ட் 31 பதில் சொல்லும். டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் டெல்டா நிறுவனத்தின் 1141-ஆம் எண் விமானம் புறப்பட வரிசையில் காத்திருந்தது. காக்பிட்டுக்கு வந்த பணியாளர் ஒருவருடன் விமானிகள் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இறக்கையின் மடிப்புகளைப் புறப்பாட்டு நிலைக்கு விரிக்க வேண்டும், அது நடக்கவில்லை. நடக்கவில்லை என்று எச்சரிக்க வேண்டிய மணியும் ஒலிக்கவில்லை. விமானம் மேலெழ முடியாமல் விழுந்தது. 108 பேரில் 14 பேர் இறந்தார்கள்.

இந்த விதிக்கு மறுபக்கமும் உண்டு, விமானிகள் அதையும் கவலையோடு சொல்வார்கள். 'இப்போது தொந்தரவு செய்யக்கூடாது' என்ற பயத்தில், பின்னால் புகை வாடை வருவதைக்கூடச் சொல்லலாமா வேண்டாமா என்று கேபின் பணியாளர்கள் தயங்கும் ஆபத்து இருக்கிறது. விதி அதைத் தடுக்கவில்லை. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதையும் எந்த நொடியிலும் சொல்லலாம், சொல்லியாக வேண்டும். எது பாதுகாப்பு விஷயம், எது பொறுக்கக்கூடியது என்று நொடியில் பிரித்தறிவது பயிற்சியால்தான் வரும்.

உயரே சீராகப் பறக்கும்போது பேசலாம். நீண்ட இரவுப் பயணத்தில் விழித்திருக்க அந்தப் பேச்சே உதவும். அங்கேயும் எல்லை உண்டு. 2009 அக்டோபரில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 188-ஆம் எண் விமானம், இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டி ஏறத்தாழ 150 மைல் போய்விட்டது. விமானிகள் இருவரும் மடிக்கணினியில் மூழ்கியிருந்தார்கள், கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. யாருக்கும் காயமில்லை. உரிமம் மட்டும் பறிபோனது.

கேபினில் சண்டை மூண்டால் முன்னால் என்ன நடக்கும்?

பயணி ஒருவர் கத்துகிறார், பக்கத்தில் இருப்பவரை அடிக்கிறார் என்று வையுங்கள். விமானி எழுந்து வந்து சமாதானம் செய்ய மாட்டார். வரவும் கூடாது. கதவு பூட்டியே இருக்கும். பணியாளர் முதலில் பேசிப் பார்ப்பார், பிறகு மூத்த பணியாளர் எச்சரிப்பார், உள் தொலைபேசியில் கேப்டனுக்குத் தகவல் போகும். விமானத் துறையில் இந்த ரகளையை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள்: வாய்த் தகராறு, கைகலப்பு, உயிருக்கு ஆபத்தான செயல், காக்பிட்டுக்குள் நுழையும் முயற்சி. எந்தப் படி என்று சொன்னாலே போதும், என்ன செய்ய வேண்டும் என்பது காக்பிட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த அழைப்பு வந்த நொடியிலிருந்து காக்பிட்டில் ஒரு மாற்றம் நடக்கிறது, விமானிகளின் மனக்குறையின் மையமும் அதுதான். இரண்டு விமானிகளில் ஒருவர் ஓட்டுவார்; மற்றவர் அவரைக் கண்காணித்து, ரேடியோவையும் கவனித்து, பிழை இருந்தால் சுட்டிக்காட்டுவார். ரகளை என்று ஆனதும் அந்த இரண்டாமவரின் முழுக் கவனமும் தொலைபேசிக்குப் போய்விடுகிறது. பணியாளரிடம் கேட்க வேண்டும், நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டு அறையிடம் போலீஸ் கேட்க வேண்டும். வேறு ஊரில் இறங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். எந்த ஊர், அங்கே வானிலை எப்படி, ஓடுபாதை போதுமா, எரிபொருள் எவ்வளவு என்று கேள்விகள் வரிசை கட்டும்.

எரிபொருள் குறைந்தால்தான் சிக்கல் என்று நினைக்கிறோம். கூடினாலும் சிக்கல்தான். தொலைதூரம் போக எரிபொருளை நிரப்பிக்கொண்டு கிளம்பிய விமானம், தரையிறங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட எடையைவிட அதிக எடையில் இருக்கும். பெரிய விமானங்கள் சில, எரிபொருளை வானிலேயே வெளியேற்றும். குறுகிய உடல் கொண்ட ஏ320, 737 போன்றவற்றில் அந்த வசதி கிடையாது. வட்டமிட்டு எரித்துத் தீர்க்க வேண்டும், அல்லது கூடுதல் எடையோடு இறங்கி, பிறகு விமானத்தைச் சோதனைக்கு விட வேண்டும். ஒருவர் குடித்த அளவு கூடிப்போனதற்காக, இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை இன்னொருவர் தனியாகச் செய்துகொண்டே இந்தக் கணக்கெல்லாம் நடக்கிறது.

இந்த நிலையில் கேப்டனுக்குச் சட்டம் கொடுக்கும் அதிகாரம் பெரியது. 1963-இல் கையெழுத்தான டோக்கியோ உடன்படிக்கை அதற்கு அடிப்படை. பாதுகாப்புக்கோ ஒழுங்குக்கோ ஒருவரால் ஆபத்து என்று நியாயமாகக் கருதினால், கேப்டன் அவரைக் கட்டி வைக்கச் சொல்லலாம், வழியில் இறக்கிவிடலாம், கடுமையான குற்றம் என்றால் அங்குள்ள அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். பணியாளர்களுக்கு அவர் கட்டளையிடலாம். மற்ற பயணிகளிடம் உதவி கேட்க மட்டுமே முடியும், கட்டாயப்படுத்த முடியாது. அந்த உடன்படிக்கையில் ஒரு குறையும் இருந்தது. வழக்குத் தொடரும் அதிகாரம் முதன்மையாக விமானம் பதிவான நாட்டுக்கே இருந்ததால், இறங்கிய நாட்டின் போலீஸ் பல நேரம் ஆளைப் பிடித்துவிட்டு அப்படியே விட்டுவிட நேர்ந்தது. இறங்கும் நாட்டுக்கும் அந்த அதிகாரத்தைத் தரும் மான்ட்ரியல் நெறிமுறை 2014-இல் உருவாகி, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும்.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தப் பிரச்சினை வெடித்தது. அமெரிக்காவில் மட்டும் 2021-இல் எஃப்ஏஏ-வுக்கு ஏறத்தாழ 6,000 புகார்கள் வந்தன, பெரும்பாலானவை முகக்கவசம் தொடர்பானவை. எச்சரித்து அனுப்பும் பழக்கத்தை விட்டுவிட்டு, நேரடியாகச் சட்ட நடவடிக்கை என்று அந்த ஆண்டு ஜனவரியிலேயே அறிவித்திருந்தார்கள். முகக்கவச விதி போனதும் எண்ணிக்கை குறைந்தது. மது தொடர்பான ரகளை அப்படிப் போய்விடவில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். சோர்வு, தூக்கமின்மை, மாத்திரை இவற்றோடு அங்கே மதுவும் சேர்ந்தால் நிதானம் சீக்கிரம் போகும். பெட்டியில் கொண்டுவந்த புட்டியை எடுத்துக் குடிப்பதற்குத் தடை இருப்பதும் இதனால்தான். யார் எவ்வளவு குடித்தார் என்ற கணக்கு பணியாளர் கையை விட்டுப் போய்விடக் கூடாது.

நான்காவது படி எப்படியிருக்கும் என்பதற்கு 2000 டிசம்பர் 29 சாட்சி. லண்டனிலிருந்து நைரோபிக்கு ஏறத்தாழ 400 பேருடன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், மனநலம் பாதிக்கப்பட்ட பயணி ஒருவர் காக்பிட்டுக்குள் புகுந்து கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றிக்கொண்டார். விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் விலகியது, விமானம் பல்லாயிரம் அடி தாறுமாறாகச் சரிந்தது. விமானிகளும் உதவிக்கு வந்த பயணிகளும் அவரை இழுத்து மடக்கியதால் எல்லோரும் பிழைத்தார்கள். அப்போது கதவுகள் இன்று போல இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகுதான் குண்டு துளைக்காத, உள்ளிருந்து பூட்டும் கதவுகள் கட்டாயமாயின. அதே கதவு வேறு விதமாகவும் பயன்படக்கூடும் என்று 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விபத்து காட்டியது. துணை விமானி கேப்டனை வெளியே பூட்டிவிட்டு விமானத்தை மலையில் மோதினார், 150 பேர் இறந்தார்கள். முழுமையான பாதுகாப்பு என்று எந்தக் கதவையும் சொல்லிவிட முடியாது.

விமானி கழிப்பறைக்கு வர அந்தக் கதவு திறக்கும் சில நொடிகள்தான் பலவீனமான நேரம். அப்போது பணியாளர் குறுக்கே நிற்பார், சில நேரம் தள்ளுவண்டியையும் குறுக்கே நிறுத்துவார். முன்பக்கக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் நம்மை இருக்கைக்குத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான்.

பயணிகள் சாதாரணமாக நினைக்கும் சில

சீட் பெல்ட் விளக்கு அணையும் முன் எழுந்து நிற்பது விமானிகளின் நிரந்தர மனக்குறை. சக்கரம் தரையைத் தொட்டதும் பயணம் முடிந்ததாக நமக்குத் தோன்றுகிறது. ஓட்டுபவர் இன்னும் வேறு விமானங்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே போய்க்கொண்டிருக்கிறார், எந்த நொடியும் பிரேக்கை அழுத்த நேரலாம். வானிலும் அப்படித்தான். 2024 மே மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 321-ஆம் எண் விமானம் திடீர்க் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அமர்ந்திருக்கும் வரை பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டிருங்கள் என்று கேப்டன் சொல்வது சம்பிரதாயப் பேச்சு அல்ல.

பறக்கும்போது கதவைத் திறந்துவிடுவேன் என்று மிரட்டுபவர்கள் உண்டு. உயரத்தில் அது நடக்காது. உள்ளழுத்தம் பல டன் விசையோடு கதவை அதன் சட்டகத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். தரைக்கு அருகே அந்த அழுத்தம் இல்லை. 2023 மே 26 அன்று தென் கொரியாவின் டேகுவில் இறங்கவிருந்த ஏசியானா விமானத்தில் ஒரு பயணி சுமார் 700 அடி உயரத்தில் அவசரக் கதவைத் திறந்தே விட்டார். கதவு திறந்தபடியே விமானம் இறங்கியது, நல்லவேளையாக யாரும் விழவில்லை. ஷாங்காயில் 2017-இல் வயதான பெண்மணி ஒருவர், பயணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று இயந்திரத்தை நோக்கி நாணயங்களை வீசினார். ஒன்று உள்ளே விழுந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டு இயந்திரத்தைச் சோதிக்க வேண்டியதாயிற்று.

பெட்டியோடு தப்பிக்கப் பார்ப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. புதிய ரக விமானத்துக்கு அனுமதி தருமுன், பாதி வாசல்களை மட்டும் வைத்து 90 நொடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டியாக வேண்டும். அந்தச் சோதனையில் மேலே வைத்த பெட்டியை யாரும் இறக்குவதில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. எட்டு வாசல்களில் மூன்று மட்டுமே பயன்பட்டன. ஆனாலும் 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பணியாளர்கள் பெட்டியை விடச் சொன்னார்கள், பயணிகள் விட்டார்கள். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்துபோனார்கள்.

காக்பிட்டுக்குள் நடத்தை

விமானிகள் பெரும்பாலும் முன்பின் அறியாதவர்களோடு பறக்கிறார்கள். காலையில் அறிமுகமாகி, அன்றே சேர்ந்து நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமக்க வேண்டும். அதனால் நட்பையோ ஊகத்தையோ நம்பாமல், எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டைக் கைமாற்றும்போது ஒருவர் சொல்வார், மற்றவர் வாங்கிக்கொண்டதாகத் திருப்பிச் சொல்வார். கட்டுப்பாட்டு அறை கொடுக்கும் உயரத்தையும் திசையையும் திருப்பிப் படிப்பார்கள். மற்றவர் இயக்கும் கருவியில் சொல்லாமல் கை வைப்பது பெரிய தவறு. ஓட்டுபவருக்கு விமானம் என்ன நிலையில் இருக்கிறது என்ற தெளிவே அதனால் குலைந்துபோகும்.

காபி விஷயத்தைச் சிறிதாக நினைக்க வேண்டாம். 2019 பிப்ரவரியில் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து கான்கூன் சென்ற காண்டோர் விமானத்தில் மூடியில்லாத கோப்பை கவிழ்ந்து, ரேடியோ கருவியில் காபி இறங்கிப் புகைந்தது. அயர்லாந்தின் ஷானனுக்கு விமானம் திருப்பப்பட்டது. விசாரணையில் தெரியவந்த காரணம் யோசிக்க வைப்பது. நிறுவனம் கொடுத்த கோப்பைகள் தாங்கியில் சரியாகப் பொருந்தவில்லை, அதனால் விமானிகள் தாங்கியைப் பயன்படுத்தும் வழக்கத்தையே விட்டிருந்தார்கள். தனியாளின் அஜாக்கிரதை என்று எழுதி முடித்திருந்தால் கோப்பை மாறியிருக்காது. 2019 நவம்பரிலும் 2020 ஜனவரியிலும் இரண்டு ஏர்பஸ் ஏ350 விமானங்களில் நடுப் பலகையில் பானம் சிந்தியதைத் தொடர்ந்து ஓர் இயந்திரமே நின்றுபோனது. அதன்பின் அந்த ரக விமானத்தில், எங்கே திரவம் வைக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு பகுதியையே குறித்துக் கொடுத்தது. 2014-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் பயணிகள் விமானம் ஒன்று சில நொடிகளில் 4,400 அடி கீழே பாய்ந்தது. இருக்கைக்கும் கட்டுப்பாட்டுக் குச்சிக்கும் நடுவே ஒரு கேமரா சிக்கியிருந்தது.

உள்ளே யாரை அனுமதிப்பது என்பதும் ஒழுங்கில் சேரும். 1994 மார்ச்சில் மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் சென்ற ஏரோஃப்ளோட் 593 விமானத்தில், விமானி தன் பிள்ளைகளைத் தன் இருக்கையில் உட்கார வைத்தார். பதினைந்து வயது மகன் கட்டுப்பாட்டை விடாமல் அழுத்திப் பிடித்ததில் ஆட்டோபைலட்டின் ஒரு பகுதி சத்தமின்றி விலகியது. விமானம் சாய்வதை உணர்ந்து மீட்பதற்குள் காலம் கடந்துவிட்டது. 75 பேரும் இறந்தார்கள். விளையாட்டு வினையாகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது, மூத்தவரிடம் தவறைச் சொல்வது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான கேஎல்எம் நிறுவன விமானம் புறப்பட வேகமெடுத்தபோது, எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று காக்பிட்டில் இருந்த பொறியாளர் சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் போர்ட்லாந்து அருகே யுனைடெட் 173 விமானம், சக்கரக் கோளாறில் கேப்டன் மூழ்கியிருக்க, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் பற்றி மற்றவர்கள் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார்கள், மேசையைத் தட்டிச் சொல்லவில்லை.

இவற்றுக்குப் பிறகு, 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து வளர்ந்ததுதான் சிஆர்எம் என்ற பயிற்சி. 1981-இல் யுனைடெட் அதைத் தொடங்கியது, இன்று விமான நிறுவனங்களின் விமானிகள் அதைக் கடக்காமல் பறக்க முடியாது. கீழே இருப்பவர் எப்படித் தெளிவாக எச்சரிப்பது, மேலே இருப்பவர் எப்படி அதைக் கேட்டு வாங்குவது என்று இரு தரப்புக்கும் அது சொல்லித்தருகிறது. முதலில் கவலையைச் சொல், பிறகு மாற்று வழியைச் சொல், கேட்காவிட்டால் இன்னும் அழுத்திச் சொல், கடைசியில் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள் என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள். இது பலன் தரும் என்பதற்கு 1989-இல் சூ சிட்டியில் இறங்கிய யுனைடெட் 232 உதாரணம். விமானத்தைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்த நிலையில், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி ஒருவரின் உதவியையும் கேப்டன் கேட்டுப் பெற்றார். 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தார்கள். சக விமானிகள் பேச்சைக் கேட்கும் பழக்கமே தங்களைக் காப்பாற்றியது என்று அந்தக் கேப்டன் பின்னாளில் மேடைதோறும் சொல்லிவந்தார்.

இத்தனையும் படித்துவிட்டு, விமானிகள் நம்மை அண்டவே விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். குழந்தைக்குக் காக்பிட்டைக் காட்ட ஆசையிருந்தால், விமானம் வாசலில் வந்து நின்று, இயந்திரங்கள் அணைந்து, கூட்டம் இறங்கிய பிறகு பணியாளரிடம் கேளுங்கள். அடுத்த பயணத்துக்கு அவசரமில்லையென்றால் பலர் சந்தோஷமாக உள்ளே அழைத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லியும் தருவார்கள்.